பெயர் எழுதப்படாத கற்கள்

(நீலமலை, குன்னூரில் ஆற்றப்பெற்ற உரை)



போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நடுதல் தமிழரின் தொன்மையான வழக்கு. கல்லைக் கண்டு தேர்வது முதல் அதனை நட்டு வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு கிடைத்த நடுகற்கள் ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்டவை. அவற்றுள் ஒன்று, ஆநிரைப் போரில் வீழ்ந்த ஒருவனின் பெயரையும் போர் நிகழ்ந்த ஊரையும் தமிழி எழுத்தில் இன்றும் காட்டி நிற்கின்றது. அவன் பாடல் பெற்ற வேந்தன் அல்லன், ஊர்க்குடியினன். ஆயினும் அவன் பெயர் நின்றது.

ஈராயிரம் ஆண்டுக்கு முன் மாண்டவனின் பெயரை அறியவியலும் இத் தமிழினத்தில், நாற்பது ஆண்டுக்குள் மாண்ட தம் சிற்றப்பன் மகனின் பெயரை அறியாத குடும்பங்கள் உள. அக் குடும்பங்கள் தொலைவில் இல்லை. இந் நீலமலையின் தேயிலைச் சரிவுகளிலேயே, கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் சேரம்பாடியிலும் வாழ்கின்றன. ஈழத்துப் போரில் படைக்கருவி ஏந்தி மாண்ட உறவினரைத் தேடும் முயற்சி பற்றியதே இவ்வுரை.

முதற்கண் இம் மக்கள் இங்கு வந்த வரலாற்றை உணர்தல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் இலங்கையின் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்களைத் தொடங்கினர். காப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலை வந்தது. இத் தோட்டங்களுக்காகத் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளினின்று தமிழர் கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டனர். காடு திருத்தி, மலையை மலர்த்தி, அந் நாட்டின் கருவூலத்தை நிரப்பியவர் அவர். விடுதலை பெற்ற இலங்கை அவர்க்களித்த முதற் கைம்மாறு 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். அச் சட்டம் அவர்களை நாடற்றோர் ஆக்கியது.

1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோவும் இலால்பகதூர் சாத்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும்; 3,00,000 பேர்க்கு இலங்கை குடியுரிமை தரும்; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யப்படும் என்பது அதன் சாரம். 1974-ஆம் ஆண்டில் சிறிமாவோவும் இந்திராவும் அவ்வெச்சத்தையும் ஆளுக்கு 75,000 எனப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். ஆடு மாடு பங்கிடுவார்கூடத் தாயையும் கன்றையும் பார்த்தே பிரிப்பர். இங்கோ அண்ணன் ஒரு நாட்டிற்கும் தம்பி மறுநாட்டிற்கும் உரியவர் ஆயினர். பெற்றோர் கடவுச்சீட்டுப் பெற்றுத் தலைமன்னாரில் கப்பலேறினர். மணமான மகள் மலையகத்திலேயே நின்றுவிட்டாள்.

இவ்வாறு தாயகம் திரும்பியோர் நான்கு இலக்கத்திற்கும் மேற்பட்டவர். இவர்களுள் ஒரு பகுதியினர்க்கு வேலை தருவதற்கென்றே நீலமலையில் 1968-ஆம் ஆண்டு அரசின் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டு, 1976-இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. கண்டிச் சீமையில் கொழுந்து கொய்த கைகள் நீலமலையில் கொழுந்து கொய்தன.

இனி, பிரிந்து நின்ற மறுபாதியின் கதையைக் காண்க. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனக்கொலை வெறியாட்டங்களில் அடிபட்ட மலையகத் தமிழருள் பல்லாயிரவர் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் ஓடினர். அவர்களைக் குடியமர்த்த அருளானந்தம் தாவீதும் மருத்துவர் இராசசுந்தரமும் காந்தியம் என்னும் அமைப்பை நடத்தினர். இராசசுந்தரம் 1983 சூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். வன்னிக் காட்டைத் திருத்தியவர் இம் மக்கள். அவ் வன்னியே பின்னர்ப் போரின் நடுக்களம் ஆயிற்று. அவர்தம் மக்கள், ஆணும் பெண்ணுமாக, இயக்கங்களில் சேர்ந்தனர். தாமே விரும்பிச் சென்றோர் பலர். இறுதி ஆண்டுகளில் வலிந்து இழுத்துச் செல்லப்பட்டோரும் உளர். அவருள் அகவை நிரம்பாச் சிறாரும் உளர். இவ்வுண்மையை மறைத்து எழுதும் வரலாறு வரலாறாகாது. விரும்பிச் சென்றவனும் இழுக்கப்பட்டவனும் ஒரு தாயின் பிள்ளைகளே. இருவர் பெயரும் அறியப்படல் வேண்டும்.

இந் நீலமலையிலேயே போரின் இன்னொரு முகமும் உண்டு. குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்தியத் தரைப்படையின் சென்னைப் படையணி தன் நடுவத்தைக் கொண்டுள்ளது. தமிழரும் மலையாளியரும் தெலுங்கரும் கன்னடரும் அங்குப் பயிற்சி பெறுகின்றனர். 1987 சூலை 29-ஆம் நாள் இராசீவ்–செயவர்த்தனா உடன்படிக்கை கையெழுத்தானது. அமைதிப்படை என்னும் பெயரில் சென்ற இந்தியப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டது. சென்னைப் படையணியினரும் அப் போரில் இருந்தனர். தமிழன் எதிரே தமிழன் நின்றான். 1990 மார்ச்சு 24-ஆம் நாள் கடைசி அணி திரிகோணமலையை விட்டு நீங்குமுன் இந்தியப் படையினர் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். தமிழ்க்குடியிற் பிறந்த படைத்தலைவர் இராமசாமி பரமேசுவரன் 1987 நவம்பர் 25-ஆம் நாள் யாழ்ப்பாணத்து மண்ணில் வீழ்ந்தார். இந்தியாவின் மிகவுயர்ந்த போர்விருதான பரம்வீர்ச் சக்கரம் அவர் இறந்தபின் வழங்கப்பட்டது.

ஒரே மலையின் ஒரு முகட்டில், ஈழத்துப் போருக்குச் சென்று மாண்ட படைஞனின் பெயரும் எண்ணும் ஊரும் நாளும் ஏட்டில் உள. அவன் குடும்பம் கேட்டால் விடை கிடைக்கும். தில்லியில் 2019-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தேசியப் போர் நினைவிடத்திலும் அவன் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அமைதிப்படையின் இறந்தோர்க்குக் கொழும்பை அடுத்தும் நினைவிடம் உண்டு. அது முறையே, இறந்தவனுக்குரிய மதிப்பு அது. அதே மலையின் மறுசரிவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில் இருக்கும் மூதாட்டிக்கோ, வன்னியில் மாண்ட தன் அக்காள் பேரனின் பெயரைக் கேட்டறிய ஓர் ஏடும் இல்லை.

ஏடில்லாமற் போனதற்குக் காரணங்கள் உள. முதற்காரணம், பகைவரின் செயல். துயிலும் இல்லங்கள் எனப்பட்ட இடங்களில் மாண்டோர்க்கு வரிசை வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருந்தன. 2009-ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் சிங்களப் படை அவற்றை இடித்து நிரவியது. யாழ்ப்பாணத்துக் கோப்பாய்த் துயிலும் இல்லம் இருந்த மண்ணில் 2011-இல் படைத் தலைமையகமே கட்டப்பட்டது. பகைவனாயினும் இறந்தவனின் கல்லைப் பெயர்ப்பது எந்தப் போர்முறையிலும் அறமாகாது.

இரண்டாங் காரணம், போராளியின் பெயரே. இயக்கத்தில் சேர்ந்தவன் வீட்டுப்பெயரைக் களைந்து இயக்கப்பெயர் பூண்டான். அப் பெயர்களுட் பல தூய தமிழ்ப்பெயர்கள். வடசொற் பெயரை நீக்கித் தமிழ்ப்பெயர் சூடியது தமிழுணர்வுடையார்க்கு மகிழ்வு தருவதே. ஆயினும் தேடுவார்க்கு அதுவே திரையாயிற்று. முருகேசு மகன் செல்லையாவைத் தேடும் அத்தைக்கு, களத்தில் வழங்கிய பெயர் வேறு. வீட்டுப்பெயரையும் இயக்கப்பெயரையும் இணைத்து வைத்திருந்த பட்டியல்களும் போரில் சிதறின.

மூன்றாங் காரணம், ஆங்கிலம். தோட்டத்து எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு தமிழ்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதினார். பிறப்புச் சான்றில் ஒரு வடிவம், தோட்டப் பதிவேட்டில் ஒரு வடிவம், கடவுச்சீட்டில் மற்றொரு வடிவம். ஒரு தாய் வயிற்று மக்கள் இருவர் தாளில் இரு குடியினராகத் தோன்றுவர். தாய்மொழியில் எழுதப்படாத பெயர் எளிதில் தொலையும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனி, தேடும் வழி யாது? அழுது அமைதலாற் பயனில்லை. முறையாகத் தேடுதல் வேண்டும்.

முதலாவது, வீட்டுப் பெட்டியிலுள்ள தாள்கள். கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகம் வழங்கிய கடவுச்சீட்டையும், தாயகம் திரும்பியோர்க்குரிய குடும்ப அட்டையையும் எடுத்துப் பார்க்க. உடன் வந்தோர் பெயரும் பிறந்த தோட்டமும் அவற்றில் இருக்கும். வராது நின்றவர் யாவர் என்பதை அப் பட்டியலை உறவுமுறையோடு ஒப்பிட்டால் அறியலாம்.

இரண்டாவது, தோட்டத்தின் பெயர். ஒவ்வொரு தோட்டத்திற்கும் ஆங்கிலப்பெயர் ஒன்று, மக்கள் வழங்கிய தமிழ்ப்பெயர் ஒன்று. தாளில் இருப்பது முன்னது. பாட்டியின் நாவில் இருப்பது பின்னது. இரண்டையும் சேர்த்தெழுதினால் அன்றி ஊர் பிடிபடாது.

மூன்றாவது, முதியோர் நினைவு. 1977-க்குப்பின் யார் வன்னிக்குச் சென்றார், எந்தக் குடியேற்றத்தில் இருந்தார், கடைசி மடல் எப்போது வந்தது என்பவற்றை அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி நாளிடுக.

நான்காவது, இலங்கையில் உள்ள வழிகள். காணாமற்போனோர் பற்றிப் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவிடம் பதிந்துள்ள முறையீடுகள் 16,000-க்கும் மேற்பட்டவை. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனோர் அலுவலகம் ஒன்றும் அங்கு அமைக்கப்பட்டது. நம்பிக்கை இழந்த தாய்மார் கிளிநொச்சியில் 2017 பிப்பிரவரி 20-ஆம் நாள் தொடங்கிய அறப்போர் ஆண்டுக்கணக்கில் நீண்டது. அத் தாய்மார் கையிலேந்திய படங்களே இன்று மிகப்பெரிய பெயரேடு.

ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். மாண்டவர் பெயரை எழுதலாம். உயிரோடிருப்பவர் பெயரை அவர் இசைவின்றி வெளியிடல் கூடாது. சிறை மீண்ட முன்னாட் போராளியர் பலர் அங்குக் கண்காணிப்பினிடையே வாழ்ந்தனர். இங்குத் துடிப்போடு அச்சிடும் ஒரு வரி அங்கு ஒருவர் வாயிலில் படைஞனைக் கொண்டுவந்து நிறுத்தும். புலிகள் இயக்கம் இந்தியாவில் 1992 முதல் தடைசெய்யப்பட்டது என்பதும் அறிந்ததே. இறந்த உறவினன் பெயரைக் குடும்ப ஏட்டில் எழுதுவது இயக்கத்திற்கு ஆள் சேர்ப்பதாகாது. அது குருதிக் கடன்.

காலம் காத்திராது. 1960-களிலும் 70-களிலும் கப்பலேறி வந்தோருள் அன்று இளையராயிருந்தவரே இன்று எண்பதை எட்டுகின்றனர். 2022-ஆம் ஆண்டில் தேயிலைக் கழகத்தின் நிலத்தில் 2,000 எக்டேருக்கு மேற்பட்டவற்றைக் காட்டுத்துறையிடம் திருப்பியளிக்க அரசு ஆணையிட்டது. பணி ஓய்வு பெற்றவர் தோட்டத்து வீட்டைவிட்டு நீங்கவேண்டும் என்னும் நெருக்கடி அதன்முன்பே இருந்தது. வீடு மாறும்போது தகரப்பெட்டி தொலையும். பெட்டியோடு தாளும், தாளோடு பெயரும் தொலையும். மலைமழை நனைத்த தாளை எந்தப் படையும் மீட்டுத் தராது.

ஆதலின் இளையோரே! ஒவ்வொரு தோட்டத்திலும் இருவர் மூவர் கூடுக. வரிசை வீடு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்குக. வீட்டுப்பெயர், தந்தை தாய் பெயர், பிறந்த தோட்டம், தமிழகத்து மூதூர், பிரிந்த ஆண்டு, இயக்கப்பெயர் தெரிந்தால் அதுவும் என ஆறு செய்தியைத் தூய தமிழில், பிழையின்றி எழுதுக. ஒரு படியை அக் குடும்பத்திடமே தருக. வெலிங்டன் படையணியிற் சேர்ந்து அப் போரில் மாண்ட தமிழ்மகன் பெயர் கிடைப்பினும் அதே ஏட்டில் எழுதுக. இருபுறமும் வீழ்ந்தவன் தமிழன் என்பதை அவ் வேடே பின்வருவோர்க்குச் சொல்லும். தமிழனைத் தமிழனுக்கு எதிரே நிறுத்தும் அரசியலை அவர் அடையாளங் காண்பர்.

கல் நடுவதற்கு அங்கு நிலமில்லை, இங்கு இசைவில்லை. எழுதுவதற்குத் தாளும் தமிழும் உள. பெயர்களை எழுதுக! அவற்றைப் பிள்ளைகட்குப் படித்துக் காட்டுக!