மூன்றாவது கம்பெனி நிலைக்குமா?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சென்ற வாரம் நாற்று நடும் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "எனக்கு சிம் கொடுத்த வோடபோன் ஐடியா கம்பெனி முழுகப் போகிறதாமே? என் நம்பர் என்ன ஆகும்? பாங்கிக் கணக்கு அந்த நம்பரில்தானே இருக்கிறது?" நியாயமான கேள்வி. வதந்தியை நம்பாமல், நிலைமையைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல வேண்டும்.

2018 ஆகஸ்டில் வோடபோன் இந்தியாவும் ஐடியாவும் ஒன்றாயின. அன்று அதுதான் நாட்டின் மிகப் பெரிய செல்போன் கம்பெனி. சந்தாதாரர்கள் சுமார் 40 கோடிப் பேர். 2025 மார்ச்சில் எத்தனை பேர்? 20 கோடிக்கும் சற்றுக் குறைவு. ஏழாண்டுக்குள் பாதிப் பேர் போய்விட்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? காரணங்கள் இரண்டு.

முதலாவது, விலைப் போர். 2016 செப்டம்பர் 5ந் தேதி ஜியோ வந்தது. 2017 மார்ச் முடிய பேச்சும் டேட்டாவும் இலவசம் என்றது. பெரிய மூலதனம் உள்ளவன் நஷ்டத்தைத் தாங்குவான். சிறியவன் என்ன செய்வான்? ஏர்செல் 2018ல் திவாலானது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டில் டவர் கிடைக்காமல் மக்கள் கடை கடையாக அலைந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் நொடித்தது. டாடாவின் செல்போன் தொழிலும் டெலினாரும் ஏர்டெல்லில் கரைந்தன.

இரண்டாவது, பழைய பாக்கி. கம்பெனிகள் தம் வருமானத்தில் ஒரு பங்கை சர்க்காருக்குச் செலுத்த வேண்டும் என்பது லைசென்ஸ் நிபந்தனை. எது வருமானம் என்பதில் பல்லாண்டு வழக்கு. வட்டி, வாடகை போன்ற இதர வரவுகளும் வருமானமே என்று 2019 அக்டோபர் 24ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அசலைவிட வட்டியும், அபராதமும், அபராதத்திற்கு வட்டியும் பெரிதாக நின்றன. அந்த ஆண்டு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மூன்று மாதக் கணக்கில் மட்டும் இந்தக் கம்பெனி காட்டிய நஷ்டம் ரூ.50,921 கோடி!

ஆலையில் வேலை செய்யும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதிக் கதிர்கள் நின்றாலும் கட்டிட வாடகை பாதியாகக் குறைவதில்லை. டவரும் அப்படித்தான். அதன் கீழ் ஆயிரம் பேர் பேசினாலும் ஐந்நூறு பேர் பேசினாலும் வாடகையும் மின்சாரமும் ஏறக்குறைய ஒன்றே. 2025 மார்ச் வரையிலான காலாண்டில் ஒரு சந்தாதாரரிடமிருந்து மாதம் சராசரியாக ஏர்டெல்லுக்கு ரூ.245, ஜியோவுக்கு ரூ.206, இந்தக் கம்பெனிக்கோ ரூ.175 தான் கிடைத்தது. பணமில்லாததால் புதிய டவர் இல்லை. டவர் இல்லாததால் ஆள் விலகுகிறான். ஆள் விலகுவதால் பணமில்லை. இந்தச் சுழலில்தான் அது சிக்கியிருக்கிறது. மற்ற இரு கம்பெனிகளும் 2022 அக்டோபரிலேயே 5ஜி தொடங்கின. இது தொடங்கியது 2025 மார்ச்சில்தான், அதுவும் முதலில் பம்பாயில் மட்டும்.

அப்படியானால் நாளையே மூடிவிடுவார்களா? மூட மாட்டார்கள் என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் சர்க்கார் தனக்கு வர வேண்டிய பாக்கியில் ரூ.16,133 கோடியை 2023லும், ரூ.36,950 கோடியை 2025லும் பங்குகளாக மாற்றிக்கொண்டது. இன்று கிட்டத்தட்ட சரிபாதி, அதாவது 49 சதவீதத்தை ஒட்டிய பங்கு, பொதுமக்களின் சர்க்காருடையது. ஆனால் நிர்வாகம் மட்டும் பழைய முதலாளிகள் கையிலேயே!

பாக்கிக்குக் கெடு கொடுத்தால் கம்பெனிக்கு மூச்சு வரும். ஆனால் கெடு ஆள் சேர்க்காது. 2024 ஏப்ரலில் பங்கு விற்றுத் திரட்டிய ரூ.18,000 கோடி போன்ற பணம் டவராக மாறி, விலகும் கூட்டம் நிற்க வேண்டும். நின்றால் மூன்றாவது கம்பெனி நிலைக்கும். நிற்காவிட்டால் பெயர் இருக்கும், பலம் இருக்காது.

"முதலாளி முழுகினால் நமக்கென்ன?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நமக்குத்தான் நஷ்டம்! இலவசம் என்று தொடங்கிய போர் எங்கே வந்து நின்றது? 2019, 2021, 2024 என்று மூன்று முறை தனியார் கம்பெனிகள் கட்டணத்தை உயர்த்தின. 2024 ஜூலையில் ஏர்டெல்லிலும் வோடபோன் ஐடியாவிலும் ரூ.179 ரீசார்ஜ் ரூ.199 ஆயிற்று. தனியாரில் இருவர் மட்டும் மிஞ்சினால் விலையைக் கட்டுப்படுத்த யார் இருப்பார்கள்? மிஞ்சுவது பி.எஸ்.என்.எல். ஒன்றே. 2024 கட்டண உயர்வுக்குப் பின் மக்கள் அதை நாடிச் சென்றார்கள். அதற்கோ நாடு தழுவிய 4ஜி 2025 செப்டம்பரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "பதற வேண்டாம். நம்பர் உங்களுடையது. வேறு கம்பெனிக்கு மாறினாலும் அதே நம்பரைக் கொண்டுபோகலாம். 2011 முதல் நாடு முழுவதும் அந்த உரிமை உண்டு. ஆனால் டவர் வேலை செய்யும்போதே மாற்றிவிட வேண்டும். ஏர்செல்லில் கடைசி நாள் வரை காத்திருந்தவர்களே அதிகம் அவதிப்பட்டார்கள்."

அம்மா சற்று யோசித்துவிட்டு, "பாதிப் பங்கு சர்க்காருடையது என்றால், எங்கள் ஊருக்கு ஒரு டவர் போடச் சொல்ல முடியாதா?" என்று கேட்டார். தோழர்களே, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது. சர்க்கார்தான் பதில் சொல்ல வேண்டும். அதை அவர்கள் காதில் விழும்படி கேட்பது நம் வேலை.