மரபணுவும் மொழியும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விடுதியில் என் அறை நண்பன் ஒருவன் வடமதுரைக்காரன். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மதுரை மாவட்டம் ஜோதிமாணிக்கம் கிராமத்தில் எம்130 என்ற மரபணுக் குறியீடு கிடைத்ததைப் பற்றி அப்போது படித்தோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் சேர்ந்து செய்த ஆய்வு. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை போன ஆதிக் கூட்டத்தின் தடம் அது. "பாத்தியா, தமிழுக்கு வயசு 50,000. நீ நேத்து வந்தவன்"னு அவனைக் கேலி செய்தோம். நானும்தான். அன்று ராத்திரி அவன் சாப்பிட வரவில்லை.

எங்கள் கணக்கே தப்பு. எம்130 இருப்பது ஒய் குரோமோசோமில். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும். பத்துத் தலைமுறை பின்னால் போனால் நமக்கு 1024 முன்னோர். இது அதில் ஒரே ஒருவரின் தடம். மற்ற 1023 பேரும் என்ன பேசினார்களோ!

மொழிக்கணக்கு வேறு. 2018-ல் 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டவர்கள், இந்தக் குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டு என்றார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 50,000 எங்கே, 4,500 எங்கே?

பாகிஸ்தானின் பலூசிஸ்தானில் பிராகுயி என்றொரு மொழி. திராவிட மொழிதான். ஆனால் 2017-ல் வெளிவந்த ஆய்வில், அதைப் பேசுகிறவர்களின் மரபணு பக்கத்து பலூச்சிகளைப் போலவே இருந்தது; நம்மோடு தனி நெருக்கம் தெரியவில்லை. மொழி நின்றுவிட்டது, ரத்தம் கலந்துவிட்டது.

இதைவிடப் பெரிய குடும்பமும் சொல்கிறார்கள். பழைய ஈரானின் எலாமிய மொழியும் திராவிடமும் உறவு என்று டேவிட் மெக்ஆல்பின் 1970-களிலிருந்து வாதாடினார். ஈரான் உழவர்கள் இந்தப் பக்கம் வந்தபோது மொழியும் வந்தது என்று அதோடு ஒரு கதையும் சேர்ந்துகொண்டது. 2019-ல் ராக்கிகடி எலும்புக்கூட்டின் மரபணு வெளிவந்தது. சிந்துவெளிப் பெண் ஒருத்தி. ஈரான் பக்கத்தாரோடு அவளுக்கு உறவு உண்டு. ஆனால் உழவு தொடங்குவதற்கு முன்பே அந்த வழிகள் பிரிந்துவிட்டன. உழவர் கதை தளர்ந்தது. அதனால் எலாமிய உறவே பொய் என்று சொல்லலாமா? முடியாது. அதை எலாமியச் சொல்லையும் இலக்கணத்தையும் வைத்துத்தான் தீர்க்க வேண்டும். எலும்பு பேசாது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் நாலும் காதில் விழும். யாருடைய எச்சிலைச் சோதித்தாலும் பேசுகிற மொழி அதில் எழுதியிருக்காது.

அந்த நண்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். மாப்ளே, அன்னைக்கு நான் சொன்னது தப்புடா.