மழை மாதத்தில் ஒரு மாணவி

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் சிறப்பைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுமாறு தலைமையாசிரியர் பணித்தார். கல்வி அழியாத செல்வம் என்று ஆண்டுதோறும் இதே மேடையில் சொல்கிறோம். நீங்களும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறீர்கள். ஆகவே இந்த ஆண்டு நான் கண்ணால் கண்ட ஒன்றை மட்டும் சொல்லப் போகிறேன். அதில் என்னுடைய தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தப் பள்ளிக்கு ஆசிரியனாக வந்த முதல் ஆண்டில் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். அந்தப் பெண் இடைநிலைப் பள்ளி முடித்து, ஆறாம் படிவம் முடித்து, மலாயாப் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டமும் வாங்கினாள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். சொல்லாமலேயே உங்களில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும்.

பட்டம் வாங்கிய கையோடு அவள் தகப்பனார் என் வீட்டு வாசலுக்கு வந்தார். "சார், டிகிரி முடிச்சிட்டா. மேற்கொண்டு ரெண்டு வருஷம் மாஸ்டர் படிக்கணுமாம். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "படிச்சது போதும்ண்ணே. வேலைக்குப் போகச் சொல்லுங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? குடும்பத்தின் கஷ்டத்தை நினைத்துச் சொன்னேன் என்று நெடுநாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பயிற்சிக் கல்லூரியில் கொடுத்த சான்றிதழ் ஒன்றுதான் என்னுடைய படிப்பு. நான் ஏறாத படியில் என் மாணவி ஏறுவதை என் மனம் ஏற்கவில்லை. உண்மை அதுதான். பாட்டி ஒருத்திதான் "போகட்டும் விடுங்க" என்றாராம். ஆராய்ச்சிக் கூடத்தில் கிடைத்த உதவியாளர் வேலையை நம்பி அவள் போய்விட்டாள்.

சென்ற டிசம்பர் மாதம். பள்ளியெல்லாம் விடுமுறை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். இவள் மட்டும் வரவில்லை. தீபாவளிக்கு வந்தவளும் இரண்டே நாளில் ஓடிவிட்டாள். தகப்பனாருக்கு மனத்தாங்கல். அந்த நேரம் பார்த்துத் தோட்டத்து ஆபீசில் கிராணி வேலை ஒன்று காலியானது. ஜனவரி முதல் தேதி சேர வேண்டும். நான் ஒரு பயிற்சிக்காகக் கோலாலம்பூர் போவதாக அறிந்து மறுபடியும் வந்தார்.

"நீங்க சொன்னா கேப்பா சார். மேனேஜர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். கையோட கூட்டிட்டு வந்திடுங்க."

பாட்டி ஒரு போத்தல் நாரத்தங்காய் ஊறுகாயும் ஒரு டின் முறுக்கும் கொடுத்தார். கூட்டி வருவது என்ற எண்ணத்தோடுதான் நான் பஸ் ஏறினேன்.

யுனிவர்சிட்டி ரயில் நிலையத்தில் குடையோடு நின்றிருந்தாள். மழை. டிசம்பரில் கோலாலம்பூரில் பிற்பகலானால் வானம் இருண்டு, இடி இடித்துக் கொட்டித் தீர்த்துவிடும். "நல்ல வேளை சார், இன்னிக்கு மூணு மணிக்கே வந்திடுச்சு. ராத்திரி பேஞ்சா நாளைக்கு என் வேலை கெட்டிடும்" என்றாள். மழைக்கும் இவள் படிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

பெற்றோர்களே, மேற்படிப்புப் படிக்கும் பிள்ளை காலையில் எழுந்து என்னதான் செய்கிறது என்று நமக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆகவே நான் கண்டதைச் சொல்கிறேன்.

பந்தாய் டாலாமில் மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். இருட்டோடு ஆறு மணிக்கு எழுந்து, மிலோவும் நாலு பிஸ்கட்டும் பசியாறிவிட்டு, எட்டு மணிக்குள் ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போய்விடுகிறாள். அங்கே மெல்லிய துணியால் வாய் கட்டிய கண்ணாடிப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் செம்பனை ஆண் பூவின் கதிர், விரல் விரலாக. அந்தக் கதிருக்குள்ளிருந்து வெளிவரும் சின்னஞ்சிறு கூன்வண்டுகளை நாள்தோறும் எண்ண வேண்டும். அரிசியைவிடச் சிறிய வண்டு. தூரிகையால் ஒவ்வொன்றாய் ஒதுக்கி, ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று நோட்டில் எழுதுகிறாள். பெண் வண்டுக்கு மூக்கு நீளமாம். பூதக்கண்ணாடி வழியே எனக்கும் காட்டினாள். கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் பூத்துவிட்டது. அவள் மதியம் வரை தலை நிமிரவில்லை.

கையில் காசு கம்மி. கடைச் சாப்பாடு ஒருவேளைதான். ஆனால் முகத்தில் வாட்டம் இல்லை. மழை விட்டதும் தோழிகளோடு மாமாக் கடைக்கு நடந்து போய், ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரே. சூடான கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஈரச் சாலையைப் பார்த்தபடி உட்காருவது அவளுக்கு ஒரு திருவிழா. மார்கழி பிறந்தால் விடியற்காலைப் பூசைக்குக் கோயிலுக்குப் போய், வாழையிலைத் துண்டில் சுடச்சுடப் பொங்கல் வாங்கித் தின்பாளாம். கூட இருக்கும் சபாப் பெண் கிறிஸ்மஸுக்குக் கேக் செய்வாளாம். நான் கொண்டுபோன முறுக்கு டின்னை அந்த மூன்று பெண்களும் அன்றிரவே காலி செய்துவிட்டார்கள். நாரத்தங்காய் ஊறுகாயை மட்டும் யாருக்கும் காட்டாமல் அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

சாயங்காலம் நூலகம். வண்டுப் புத்தகம் படித்துக் களைத்தால் தமிழ்ப் புத்தக அடுக்குப் பக்கம் போய் ஒரு கதைப் புத்தகம் எடுத்துக்கொள்வாள். அந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950களில் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியதைப் பெரியவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோட்டத்து மக்களும் தங்கள் வெள்ளியைக் கொடுத்தார்கள். அந்த அடுக்கின் முன்னால் நம் தோட்டத்துப் பிள்ளை நின்றபோது எனக்கு அது நினைவுக்கு வந்தது.

இரவு மாமாக் கடையில் வைத்து மெல்ல விஷயத்தை எடுத்தேன். கிராணி வேலை, ஜனவரி முதல் தேதி, அப்பாவின் மனத்தாங்கல் எல்லாம் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. தே தாரே ஆறும்வரை பேசாமல் இருந்தாள். பிறகு, "நாளைக்குக் காலையில வண்டு எடுக்கத் தோட்டத்துக்குப் போறோம். நீங்களும் வாங்க சார்" என்றாள். நாளை என் பயிற்சிக்கு மதியம்தான் நேரம். சரி என்றேன்.

சிலாங்கூரில் ஒரு செம்பனைத் தோட்டம். ராத்திரி மழை இல்லாததால் அவளுக்குச் சந்தோஷம். ஒரு மரத்தடியில் நிறுத்தி, "மூச்சை இழுத்துப் பாருங்க சார்" என்றாள். சோம்பு வாசனை! செம்பனை மரத்தடியில் சோம்பு மணக்குமா? மணக்கிறது. ஆண் பூ மலர்ந்தால் அந்த வாசனை வரும். அதைத் தேடித்தான் வண்டு வருகிறது. அந்தப் பூவில் தின்று, அதிலேயே முட்டையிட்டுப் பெருகுகிறது. பெண் பூவும் அதே வாசனையை விட்டுவிட்டு வீசும். ஏமாந்து போகிற வண்டின் உடம்பில் ஒட்டிய மகரந்தம் அங்கே விழும். பெண் பூ இரண்டொரு நாள்தான் தயாராக இருக்கும். அதற்குள் மகரந்தம் சேராவிட்டால் குலையில் காய் சரியாகப் பிடிக்காது.

"சார், பாட்டி அந்தக் காலத்துல என்ன வேலை பார்த்தாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

தாய்மார்களே, உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். செம்பனையின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் வாணிபத்துக்காக நட்டார்கள். மரம் வந்தது, ஆனால் அந்த மரத்துக்குரிய வண்டு கூடவே வரவில்லை. அதனால் பெண்கள் மரம் மரமாகப் போய், மகரந்தத்தை டால்கம் மாவோடு கலந்து, பூப் பூவாக ஊதிவிட வேண்டியிருந்தது. முள்ளும் கீறலும் கண்ணில் விழும் மாவும்! ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ஆப்பிரிக்காவின் கெமரூன் நாட்டில் ஆராய்ந்து, இந்த வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். வேறு பயிரைக் கெடுக்காது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் ஜோகூர் குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் அதை விட்டார்கள். சீக்கிரமே நாடு முழுக்கப் பரவியது. மாவு ஊதும் வேலை நின்றது.

"அடைமழையில வண்டு பறக்கிறது குறைஞ்சிடும் சார். எவ்வளவு குறையுது, எத்தனை நாள்ல திரும்பப் பெருகுதுன்னு பார்க்கிறேன். அதுக்கு டிசம்பர் மழை வேணும். இந்த மாசத்தை விட்டா அடுத்த வருஷம்தான். அதான் வீட்டுக்கு வரல" என்றாள்.

கிராணி வேலையைப் பற்றி அதன் பிறகு நான் வாய் திறக்கவில்லை. கல்லூரியில் படித்தவள் போல அவள் பேசவில்லை. தோட்டத்துப் பிள்ளையாகவே பேசினாள்.

ஊருக்கு வந்து அவர்கள் வீட்டு ஐந்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு நான் உங்களுக்குச் சொன்னது தப்புண்ணே" என்றும் சொன்னேன். தகப்பனார் பேசவில்லை. பாட்டிதான் கேட்டார்:

"அப்போ நான் ஊதின மாவை இப்ப வண்டு ஊதுதா? என் பேத்தி அதைக் கணக்குப் பார்க்குதா?"

"ஆமாம் பாட்டி."

"எனக்கு அப்ப அவ வயசுதான். ஊதி ஊதி ராத்திரியெல்லாம் இருமுவேன். ஏன் மரத்துக்கு மனுஷி ஊதணும்னு கங்காணிகிட்ட கேட்டேன். வேலையைப் பாருன்னான்." சற்று நேரம் பொறுத்து, "நான் கேட்டதுக்கு இவ பதில் தேடுறா" என்றார்.

தகப்பனார் எழுந்து சட்டையை மாட்டினார். "எங்கண்ணே?" என்றேன். "மேனேஜர் வீட்டுக்கு. வேற ஆள் பார்த்துக்கச் சொல்லிட்டு வந்திடறேன்" என்றார்.

அவள் ஆய்வேடு இன்னும் முடியவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறாள். பட்டம் கிடைக்கும், பெரிய உத்தியோகம் கிடைக்கும் என்று இந்த மேடையில் நான் ஆரூடம் சொல்ல மாட்டேன். கிடைக்கட்டும் என்று நீங்களும் நானும் வேண்டிக்கொள்வோம்.

பெற்றோர்களே, பிள்ளை மேலே படிக்க வேண்டும் என்று கேட்டால் "போதும்" என்ற சொல்லை அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். காசு இல்லையென்றால் இல்லை என்று சொல்லுங்கள், அதற்கு வழி தேடலாம். ஆனால் நமக்குப் புரியவில்லை என்பதற்காகப் போதும் என்று சொல்ல வேண்டாம். ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். ஒரு போத்தல் ஊறுகாயும் கொண்டுபோங்கள். ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதையே சொல்லிக்கொள்கிறேன்.

மாணவச் செல்வங்களே, இன்று பரிசு வாங்காதவர்களும் கேளுங்கள். அந்த அக்கா மூன்றாம் வகுப்பில் பரிசு வாங்கியதில்லை. ஆனால் எதையும் எண்ணிப் பார்க்காமல் விடமாட்டாள். வீட்டுக்குப் போகும் வழியில் செம்பனை பூத்திருந்தால் நின்று மூச்சை இழுத்துப் பாருங்கள். சோம்பு மணத்தால் நாளை வகுப்பில் வந்து எனக்குச் சொல்லுங்கள்.