தீப்பிடிக்குமா, பிடிக்காதா?

நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் அதன் முதுகில் எழுதியிருப்பதைப் படித்திருப்பார்கள். சில வண்டிகளில் ‘ஹைலி ஃப்ளேமபிள்’ என்றிருக்கும். சிலவற்றில் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’. ஒரு ‘இன்’ கூடிவிட்டதே, பின்னது தீப்பிடிக்காதோ? ஓவர்டேக் செய்யுமுன் தெரிந்துகொள்ளுங்கள்: இரண்டுமே எளிதில் தீப்பற்றும் என்றுதான் சொல்கின்றன.

வம்பு லத்தீனில் தொடங்குகிறது. ‘இன்கரெக்ட்’, ‘இன்விசிபிள்’ போன்றவற்றில் ‘இன்’ மறுப்பைக் குறிக்கும். ‘இன்ஃப்ளேமபிள்’ பிறந்ததோ தீமூட்டுவதைக் குறிக்கும் ‘இன்ஃப்ளமாரே’ என்ற வினையிலிருந்து. அங்கே மறுப்புக்கு இடமே இல்லை. ஆங்கிலத்தில் சுமார் நானூறு ஆண்டுகளாகப் புழங்கும் சொல் அது. ‘ஃப்ளேமபிள்’ 19ஆம் நூற்றாண்டில் தலைகாட்டிய இளையவர்.

இலக்கணப்படி மூத்தவர் மேல் குற்றமில்லை. ஆனால் கிடங்கில் பீடி பற்றவைக்கப் போகிறவர் லத்தீன் படித்திருப்பாரா? இந்தக் கவலையில்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920களில் ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதுங்கள் என்று வலியுறுத்தியது. பிரிட்டிஷ் தர நிர்ணய நிறுவனமும் 1959இல் அதையே பரிந்துரைத்தது. பண்டிதர்களை மீறித் தீயணைப்புக்காரர்கள் வென்ற வழக்கு, வென்றது நியாயம்தான்.

சொல்லால் தீப்பிடிக்குமா என்று சிரிக்கும் நேயர்கள் பெஞ்சமின் லீ வோர்ஃப் சொன்னதைக் கேட்க வேண்டும். மொழியியல் மாணவர்களுக்குப் பழக்கமான பெயர். அவருக்குச் சோறு போட்டதோ ஹார்ட்ஃபோர்டு தீக்காப்பீட்டு நிறுவனத்தில் தீவிபத்துத் தடுப்பு வேலை. பெட்ரோல் நிரம்பிய பீப்பாய்கள் இருக்குமிடத்தில் தொழிலாளர்கள் கவனமாக நடந்துகொண்டார்கள். ‘எம்ப்டி’ பீப்பாய்கள் பக்கத்தில் அலட்சியமாகச் சிகரெட் பிடித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். காலிப் பீப்பாயில் தேங்கும் ஆவிதான் வெடிக்கும் என்பதை அந்தச் சொல் மறைத்துவிட்டது.

அவர் குறிப்பிடும் ஓர் ஆலையில் வடிகலன்களுக்கு வெப்பக்காப்பாகச் சுற்றியிருந்த பொருளுக்கு ‘ஸ்பன் லைம்ஸ்டோன்’ என்று பெயர். கல் எங்கே எரியப்போகிறது என்று யாரும் அதைச் சுடரிலிருந்து மறைக்கவில்லை. உள்ளிருந்து கசிந்த அசெட்டிக் அமில ஆவி அந்தச் சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கால்சியம் அசெட்டேட்டாக மாற்றியிருந்தது. கீழிருந்த நெருப்பு எட்டியதும் அதிலிருந்து அசிட்டோன் உருவாகி, ‘கல்’ கொழுந்துவிட்டு எரிந்தது.

நேரம் நெருங்குகிறது. ‘இன்’ என்று தொடங்கிக் குழப்புபவர் இன்னும் மூவர் உண்டு. ‘இன்வேல்யுபிள்’ என்றால் விலைமதிக்க முடியாதது. ‘இன்ஃபேமஸ்’ என்றால் கெட்டதற்குப் பெயர்போனவர், பாராட்டுமடலில் எழுதிவிடாதீர்கள். ‘இன்ஃப்ளமேட்டரி’ கலகம் மூட்டும் பேச்சுக்கு உரியது, பெட்ரோலுக்கு ஒட்டாது.

பட்டறை, கிடங்கு வைத்திருக்கும் நேயர்கள் அடுத்த முறை பலகை எழுதக் கொடுக்கும்போது ‘ஃப்ளேமபிள்’ என்றே எழுதச் சொல்லுங்கள், எரியாததற்கு ‘நான்-ஃப்ளேமபிள்’. பக்கத்தில் தீச்சுடர் படமும், ‘எளிதில் தீப்பற்றும்’ என்று தமிழில் ஒரு வரியும் இருக்கட்டும்.