ஆற்றைத் தாண்டினால் பாளை

நேயர்களே, இன்றைக்கு உங்களைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போகிறேன். நெல்லையப்பர் கோயிலையும் அல்வாவையும் பற்றி நான் சொல்லப்போவதில்லை. அவை இரண்டும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஜங்ஷனில் இறங்கி, ஆற்றைத் தாண்டி, பாளையங்கோட்டையில் எங்கள் அத்தை வீடு வரைக்கும் ஒரு நடை. அங்கே சொதி தயாராகிறது. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்ட குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுப் பந்தியில் போடுகிற சாப்பாடு அது.

இந்த ஜங்ஷன் பெயருக்கு ஜங்ஷன் அல்ல. மதுரை, நாகர்கோவில், தென்காசி, திருச்செந்தூர் என்று நாலு பக்கமும் தண்டவாளம் பிரிகிறது. இதில் நாகர்கோவில் பாதை 1981இல்தான் வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சென்னை! எங்கள் தாத்தா பட்டணம் போவதென்றால் கட்டுச்சோறும் கூஜாவுமாகக் கிளம்புவார். டவுன் பக்கம் போனால் ஈரடுக்கு மேம்பாலம் வரும். நமக்கு அந்தப் பக்கம் வேலையில்லை, பாளைப் பக்கம் திரும்புங்கள்.

இதோ தாமிரபரணி. கொஞ்சம் நில்லுங்கள். வெயில்தான், இருந்தாலும் நில்லுங்கள். நாம் நிற்கிற இந்தப் பாலத்துக்கு சுலோச்சன முதலியார் பாலம் என்று பெயர். சின்ன வயசில், சுலோச்சனா என்று யாரோ ஒரு அம்மாள் கட்டிய பாலம் என்று நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி வகுப்பே சிரித்தது. அவர் ஆண்பிள்ளை. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்தவர்.

அந்தக் காலத்தில் டவுனுக்கும் பாளைக்கும் நடுவே படகுதான். படகுத்துறையில் கூட்டம், தள்ளுமுள்ளு, சில நாள் அடிதடி. பாலம் கட்டியே ஆகவேண்டும் என்றார் கலெக்டர் தாம்சன். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில், 11 வளைவுகளோடு, ஹார்ஸ்லி என்ற பொறியாளர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். செலவு ஏறக்குறைய 50,000 ரூபாய். 1840இல் 50,000! ஜனங்களிடம் வசூல் பண்ணுகிற பொறுப்பு முதலியார் தலையில் விழுந்தது. வீடு வீடாகப் போய் நிற்பதை நினைத்து ராத்திரி தூக்கம் பிடிக்காமல் புரண்டாராம். விடிந்ததும், மொத்தத்தையும் நானே தருகிறேன் என்று சொல்லிவிட்டாராம். அவர் மனைவி நகைகளைத் தட்டில் வைத்து நீட்டினார் என்று எங்கள் ஆச்சி சொல்லும்போது குரல் தழுதழுக்கும். ஆச்சி தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்த்திருப்பாள். பணம் அவர் பணம், அதில் சந்தேகமில்லை. 1843 நவம்பரில் பாலத்தைத் திறந்தார்கள்.

1869 வெள்ளம் சில வளைவுகளை இழுத்துக்கொண்டு போனது. திரும்பக் கட்டினார்கள், பிறகு அகலப்படுத்தினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஜங்ஷன் வட்டாரமே தண்ணீரில் கிடந்தபோதும் பாலம் நின்றது.

ஊர் இப்போது பெரிதாகிக்கொண்டே போகிறது. கங்கைகொண்டானில் சூரிய மின்தகடு செய்கிறார்கள். வேய்ந்தான்குளத்தில் புதுப் பஸ் ஸ்டாண்டு. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் சுற்றுவட்டார ஜனமெல்லாம் இந்த ஆற்றைத் தாண்டிப் பாளைக்கு வருகிறது. திருநெல்வேலி மாநகராட்சி ஆனது 1994இல் என்பது அரசாங்கக் கணக்கு. என் கணக்கில் அது 1843.

அடடா, நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். நாம் இன்னும் பாலத்தைத் தாண்டவே இல்லை. சொதி ஆறிப்போயிருக்கும். அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அடுத்த தடவை ஜங்ஷனில் இறங்கினால் ஆட்டோ பிடிக்காதீர்கள், நடந்தே தாண்டுங்கள்.