திரைக்கு முன் அமராதவர்கள்

என்னைவிட ஊர்களில் அதிகம் நடந்து பழகியவர்கள் முன்னே அமர்ந்திருக்க, தலைமையேற்று நிற்பது பெருமையாகவும் இருக்கிறது, சற்று அச்சமாகவும் இருக்கிறது.

ஊரகக் கணினி வலையமைப்புகளின் சமூக விளைவுகள் என்பது நம் கருத்தரங்கின் பொருள். வாரணா, தார் மாவட்டத்து ஞானதூத், மேலூர் வட்டாரத்துச் சாரி, பின்வந்த பொதுச் சேவை மையங்கள் ஆகிய திட்டங்களின் வரலாறு நீங்கள் அறிந்ததே. கட்டுரையாளர்களும் விரிவாகப் பேசுவார்கள். 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வில்லியனூரை நடுவமாக வைத்துத் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அங்கே தகவல் மையத்துக்கு இடம் ஊர் கொடுத்தது. மையத்தை நடத்தியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்ப் பெண்கள். எல்லாச் சாதியாரும் உள்ளே வரலாம் என்பது நிபந்தனை. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கரையில் வலை சீர்செய்துகொண்டிருந்தவர் அதைக் கேட்டுக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவெடுத்தார். மையத்தின் படியேறாத அவரை நம் ஆய்வுகள் எந்தக் கணக்கில் சேர்த்தன?

நம் துறையின் மதிப்புக்குரிய அறிஞர்கள் சிலர், ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள், கட்டணம் எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்து, இத்தகைய மையங்கள் தோற்றுவிட்டன என்று எழுதினார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். கட்டண வருமானத்தை நம்பி உரிமையாளர் நடத்திய மேலூர்ச் சாரி நிலையங்களுக்கு அந்த அளவுகோல் பொருந்தும். ஊரே இடம் கொடுத்து நடத்திய மையத்துக்கு அது பொருந்தாது என்று அன்றே சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று தகவல் கிராமத் திட்டத்தின் மையம் இருந்த நல்லவாடு ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்தது. மையத்தின் ஒலிபெருக்கி அதை ஊரெங்கும் கொண்டுபோனது. 3,500க்கும் மேற்பட்டோர் உயிர்பிழைத்தார்கள். இதில் கணினியின் பங்கு என்ன என்று ஓர் ஆய்வு நண்பர் கேட்டதுண்டு. ஒலிபெருக்கி அங்கே இருந்ததே மையத்தால்தான். அதைவிட முக்கியமானது, மையத்துக் குரல் பொய் சொல்லாது என்ற நம்பிக்கை. அன்றாட அறிவிப்புகளில் சேர்ந்த அந்த நம்பிக்கையே, அந்தக் காலையில் மக்களை ஓட வைத்தது என்பது என் வாதம். சமூக விளைவு என்று நான் சொல்வது இதைத்தான். இது எந்த வருகைக் கணக்கிலும் வராது.

மையப் பெண்கள் எழுதி வைத்த பதிவேடுகளை நாம் இன்னும் மூலச் சான்றாக மதிக்கவில்லை. யார் வந்தார்கள், எதைக் கேட்டார்கள் என்பது அவற்றில் இருக்கிறது. வராதவர்கள் கேட்டது கரைகளிலும் தெருக்களிலும் உள்ளோரின் நினைவில் மட்டுமே இருக்கிறது, அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. பதிவேடுகளை எண்ணுருவாக்கவும், அந்த வாய்மொழியைப் பதிவு செய்யவும் இந்த அவை ஒரு குழு அமைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். இன்று மாலை நிறைவு அமர்வுக்கு முன்பே இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.