வேர்முனையில் நிகழும் பிரிவு

(பள்ளி அறிவியல் மன்றத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்கு நுண்ணோக்கியருகில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் நகைக்கலாம். வேலை உண்டு. சொற்களைப் பார்த்துத் தருமாறு அறிவியலாசிரியர் என்னிடம் தந்த செய்முறை ஏடுகள் அனைத்திலும் ஒரே படம். வெங்காய உயிரணு என்று எழுதி, இரு முனைகளிலும் விண்மீன் போன்ற ஒரு மணி வரைந்திருந்தனர். அம்மணி விலங்கின் உயிரணுவில் உண்டு, வெங்காயத்தில் இல்லை. எனவே, அப்படம் வெங்காயத்தைப் பார்த்து வரைந்ததன்று. ஏதோ ஒரு நூலைப் பார்த்து வரைந்தது. அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைத்திருந்தது!

செய்முறை கடினமன்று. வெங்காயத்தின் பழைய வேர்களைக் களைந்து, அடிப்பகுதி நீரைத் தொடுமாறு குப்பியின் வாயில் அமர்த்துங்கள். மூன்று நான்கு நாள்களில் புதுவேர் தோன்றும். காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையே முனையை நறுக்கி, வெறியம் மூன்று பங்கும் செறிந்த அசிற்றிக்குக் காடி ஒரு பங்கும் கலந்த நீர்மத்தில் ஒருநாள் இடுக. பின்னர் முனையிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே போதும். மேற்பகுதியில் உயிரணுக்கள் நீளுமேயன்றிப் பிரியா. நீர்த்த காடி ஒரு துளி, கார்மின் சாயம் இரண்டு துளி இட்டு, இளஞ்சூடு காட்டி, மூடுவில்லை வைத்துக் கட்டைவிரலால் அழுத்துக. வில்லை நழுவினால் எல்லாம் குழம்பிவிடும்.

இனிக் காண்போம். பெரும்பாலான உயிரணுக்களில் உட்கரு உருண்டையாகவே இருக்கும். அவை பிரியும் நிலையில் இல்லாதவை. சிலவற்றில் உருண்டை கலைந்து நூற்கண்டு போலத் தோன்றும், அது முதனிலை. நூல்கள் தடித்து, உட்கருவின் உறை மறைந்து, நடுவில் வரிசைப்படுவது நடுநிலை. ஒவ்வொரு நூலும் நெடுக இரண்டாகி எதிரெதிர் முனைகட்கு ஈர்க்கப்படுவது பிரிநிலை. வெங்காயத்தின் நிறப்புரிகள் பதினாறு. ஆகவே முனைக்குப் பதினாறாகச் செல்லும். இறுதிநிலையில் இரு புதிய உட்கருக்கள் உருவாக, இடையே ஒரு சுவர் நடுவில் தொடங்கி வெளிநோக்கி வளரும். விலங்கணுவிலோ வெளியிலிருந்து உள்நோக்கி இடுக்கமுறும். ஏட்டில் இவ்வேறுபாட்டையும் ஒருவரும் குறித்திலர்.

ஈழத்துப் பாடநூல்கள் 'அவத்தை' என்று எழுதின. அது வடசொல். 'நிலை' நம்மிடம் இருக்கின்றது. முதனிலையும் பிரிநிலையும் இலக்கணம் பயின்றார்க்குப் புதியன அல்ல. நிறப்புரிகளை ஈர்க்கும் இழைத்தொகுதியைக் 'கதிர்' என்கின்றோம். அது நூல் நூற்கும் கருவியின் பெயர். நூல் யாத்தலை நூற்றலோடு ஒப்பிடும் நன்னூலிலும் இக்கதிர் வருகின்றது. 1882இல் இப்பிரிவுக்குப் பெயரிட்ட செருமானியர் வால்தர் பிளெமிங்கும், கிரேக்கத்தில் இழையைக் குறிக்கும் சொல்லையே எடுத்தார்.

ஒன்று கேட்பீர்கள்: 'காடியில் இட்டபோதே உயிரணு இறந்துவிட்டதே, நிலைகளின் வரிசை எவ்வாறு தெரியும்?' நல்ல கேள்வி. பிளெமிங்கு நிறமேற்றிய உயிரணுக்களோடு, நீர்ப்பல்லியினத்துக் குஞ்சுகளின் உயிருள்ள அணுக்களையும் நோக்கியே வரிசையை உறுதிசெய்தார். நாமோ எண்ணிப் பார்க்கலாம். பார்வைவட்டத்தில் இருநூறு அணுக்களை எண்ணி, எந்நிலையில் எத்தனை என்று குறியுங்கள். நெடுநேரம் நீடிக்கும் நிலை மிகுதியாகவும், விரைந்து முடியும் நிலை அரிதாகவும் அகப்படும். முதனிலை பல காண்பீர்கள்; பிரிநிலையைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். இவ்வெண்ணிக்கையை எந்த நூலிலிருந்தும் படியெடுக்க இயலாது. உங்கள் வில்லையின் கணக்கு உங்களுக்கே உரியது.

நம் மாநில மலராகிய செங்காந்தளுக்கும் இதில் பங்குண்டு. அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. அந்நஞ்சு கதிர் அமைவதைத் தடுக்கும். கதிர் இல்லையேல் நிறப்புரிகள் இரட்டித்தும் பிரிந்து செல்லா, நடுவழியில் நின்றுவிடும். அவற்றைத் தெளிவாக எண்ணவும், 1937 முதல் நிறப்புரி இரட்டித்த பயிர்களை ஆக்கவும் இது பயன்பட்டுவருகின்றது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கங்களில் விதைக்காகவே காந்தளைப் பயிரிடுகின்றனர். வேலியில் பூத்திருந்தாலும் கிழங்கைத் தோண்டிச் சுவைத்துவிடாதீர்கள்; உயிருக்கே கேடு.

வரும் திங்கட்கிழமை ஏடுகள் மீண்டும் என்னிடம் வரும். இம்முறை படத்தின் கீழே, எண்ணிய உயிரணுக்களின் தொகையும் எழுதப்பட்டிருக்கவேண்டும் என்று அறிவியலாசிரியரும் நானும் பேசி முடிவு செய்துள்ளோம். வெங்காயத்தை இன்று மாலையே நீரில் வைத்துவிடுங்கள்.